கிண்ணமும் குச்சியும்: ஜப்பானியர் உணவு ஒழுக்கத்தின் வேர்கள்

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு சீன வரலாற்று நூல், கடல் தாண்டியிருந்த ‘வா’ நாட்டு மக்கள் கால் வைத்த பாத்திரங்களில் உணவை வைத்துக் கையால் உண்டார்கள் என்று குறிக்கிறது. அந்த ‘வா’ நாடுதான் ஜப்பான். இன்று அதே நாட்டில் குச்சியைக் கொண்டு செய்யக்கூடாத செயல்களுக்கு மட்டும் பல டஜன் தனிப்பெயர்கள் வழங்குகின்றன. இடையில் என்ன நடந்தது?

சுற்றுலாக் கையேடுகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தாதீர்கள், குச்சியால் ஆளைச் சுட்டாதீர்கள், உங்கள் கோப்பையில் நீங்களே ஊற்றிக்கொள்ளாதீர்கள் என்று தடைகளை வரிசையாக அடுக்கிவிட்டு முடித்துக்கொள்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கிண்ணத்தை ஏன் தூக்க வேண்டும், பெரிய தட்டை ஏன் தூக்கக் கூடாது, நூடுல்ஸை உறிஞ்சும் நாட்டில் மெல்லும் சத்தம் மட்டும் ஏன் அருவருப்பு என்பவற்றுக்குப் பட்டியலில் விடை இல்லை. விடைகள் வரலாற்றில் இருக்கின்றன. பாத்திரம், மடம், மாளிகை, சாவு வீடு, பள்ளிக்கூடம் ஆகிய ஐந்து இடங்களில் தேடினால் ஏறக்குறைய எல்லா விதிகளுக்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

கையில் ஏந்தும் கிண்ணம்

சாப்பிடும் குச்சி சீனாவிலிருந்து வந்தது. 607இல் ஓனோ நோ இமோகோவின் தலைமையில் சீனாவின் சுய் அரசவைக்குச் சென்ற தூதுக்குழு அங்கே கண்ட முறையே இளவரசர் ஷோதோகுவின் காலத்து அரண்மனை விருந்துகளில் நுழைந்தது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. ஃபுஜிவாரா, ஹெய்ஜோ ஆகிய பழைய அரண்மனை இடங்களை அகழ்ந்தபோது சைப்ரஸ் மரக் குச்சிகள் கிடைத்திருக்கின்றன. தொடக்கத்தில் பிரபுக்களின் விருந்தில் குச்சியோடு கரண்டியும் இருந்தது. கொரியாவில் இன்றுவரை நிலைத்திருக்கும் அந்தக் கரண்டி, ஜப்பானில் இடைக்காலத்துக்குள் மறைந்துபோனது.

இந்த ஒரு மாற்றத்திலிருந்தே பாதி ஒழுக்கம் பிறந்துவிட்டது. கரண்டி இல்லையென்றால் மிசோ சூப்பைக் கிண்ணத்திலிருந்தே குடிக்க வேண்டும். எனவே கிண்ணம் வாய்க்கு வர வேண்டும். வாய் கிண்ணத்தைத் தேடிக் குனியக் கூடாது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து தின்னும் பிள்ளையை, நாய் தின்பதைப் போலத் தின்னாதே என்றுதான் ஜப்பானியத் தாய் கண்டிப்பாள். பாத்திரத்தின் வடிவமும் இதற்கேற்ப அமைந்தது. சூப்புக் கிண்ணத்தை மரத்தில் கடைந்து அரக்குப் பூசுவார்கள். மரம் சூட்டைக் கைக்குக் கடத்தாது. சோற்றுக் கிண்ணம் பீங்கானாக இருந்தாலும் அடியில் ஒரு வளையம் இருக்கும். விரல்களை அதன் கீழ் கொடுத்து, கட்டைவிரலை விளிம்பில் வைத்தால் சுடாது. இரண்டுமே ஒரு கைக்குள் அடங்கும்படி ஏறத்தாழ 12 செ.மீ. விட்டம் கொண்டவை. கொரியாவில் கிண்ணம் உலோகம், கையில் கரண்டி உண்டு. அதனால் அங்கே கிண்ணத்தைத் தூக்கி உண்பதுதான் அநாகரிகம். இரு நாடுகளின் விதிகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிர், இரண்டுக்கும் காரணம் பாத்திரம்.

கைக்கு அடங்குவதைத் தூக்கலாம், அடங்காததைத் தூக்கக் கூடாது. மீன் வைத்த தட்டும் பலருக்குமான பெரிய தட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். சாறு சொட்டும் துண்டை வாய்க்குக் கொண்டுபோகும்போது இடது உள்ளங்கையை அடியில் ஏந்துவது பார்வைக்குப் பணிவாகத் தோன்றும். ஒழுக்கம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அதைப் பிழை என்பார்கள். அதற்குத்தான் சிறு தட்டு இருக்கிறதே என்பது அவர்கள் வாதம்.

வாழை இலையில் எது எந்தப் பக்கம் என்று நம் பந்தியில் முறை இருப்பதுபோல அங்கும் இடங்கள் நிலையானவை. சோறு இடப்புறம், சூப் வலப்புறம், மற்றவை அப்பால். குச்சி உண்பவருக்கு மிக அருகில், நுனி இடப்பக்கம் பார்க்கக் குறுக்காகக் கிடக்கும். வலக்கை அதை மேலிருந்து எடுக்க, இடக்கை கீழிருந்து தாங்க, வலக்கை நழுவி அடிப்பக்கம் வந்து பிடிக்கும். கிண்ணத்தையும் எடுக்க வேண்டுமானால் முதலில் கிண்ணம், பிறகு குச்சி. இரண்டையும் ஒரே நேரத்தில் பாய்ந்து எடுப்பது பிழை. காரணம் எளிது: அவசரப்பட்டால் கொட்டும்.

ஆளுக்கொரு பலகை

போர்த்துகீசிய ஏசு சபைத் துறவி லூயிஸ் ஃப்ரோயிஸ் 1585இல் ஐரோப்பியரின் பழக்கங்களையும் ஜப்பானியரின் பழக்கங்களையும் ஒப்பிட்டு ஒரு சிறு நூல் எழுதினார். ஐரோப்பாவில் உணவு வருமுன்பே மேசை காத்திருக்கும். ஜப்பானில் மேசையே உணவைச் சுமந்துகொண்டு அடுப்படியிலிருந்து வரும் என்பது அதில் அவர் பதிந்த வேறுபாடுகளில் ஒன்று. அவர் கண்டது கால் வைத்த சிறு உணவுப் பலகையை. ஒருவருக்கு ஒரு பலகை, அதில் அவருக்கு மட்டுமான பங்கு.

பலகை தனித்தனியாக இருந்ததால் பிறர் பாத்திரத்தில் கை நீட்டும் பேச்சே எழவில்லை. வீட்டிலும் அப்பாவின் கிண்ணம், அம்மாவின் கிண்ணம், அவரவர் குச்சி என்று தனியுரிமை வேரூன்றியது. சாதாரணக் குடும்பங்களில் பலகைக்குப் பதில் ஒரு பெட்டி இருந்தது. ‘ஹாகோசென்’ எனப்பட்ட அதன் மூடியைத் திருப்பிப் போட்டால் அதுவே தட்டு. உண்டு முடித்தபின் கிண்ணத்தில் சுடுநீரோ தேநீரோ ஊற்றி, அலசிக் குடித்து, துடைத்து, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காதே என்ற கட்டளை அங்கே வெறும் நல்லுரையாக இருக்க முடியாது. மிச்சம் வைத்தால் பெட்டி நாறிப்போகும்.

மெய்ஜி காலத்தின் (1868–1912) பிற்பகுதியிலிருந்து, கால் மடக்கும் தாழ்ந்த மேசையான ‘சாபுதாய்’ நகர வீடுகளில் பரவியது. குடும்பம் முதல் முறையாக ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்தது. 1955இல் தொடங்கப்பட்ட ஜப்பான் வீட்டுவசதிக் கழகம் சமையலும் சாப்பாடும் ஒரே அறையில் அமைந்த அடுக்குமாடி வீடுகளைக் கட்டத் தொடங்கியதும் நாற்காலியும் உயர மேசையும் வந்தன. ஒசாகாவின் தேசிய இனவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த உணவு ஆய்வாளர் இஷிகே நாவோமிச்சி, இந்த மாற்றத்தை வாழ்ந்து கடந்த முதியோரின் நினைவுகளைத் தொகுத்து ஆராய்ந்தார். தனிப்பலகைக் காலத்தில் சாப்பிடும்போது பேசினால் பிள்ளைகளுக்குத் திட்டு விழுந்தது. மேசைக் காலத்தில் பேச்சே குடும்ப உணவின் அடையாளமாயிற்று. ‘தொன்று தொட்ட ஜப்பானிய மரபு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லப்படுபவற்றை இந்த உண்மையை வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

மேசை பொதுவானதும் புது விதிகள் தேவைப்பட்டன. பொதுத் தட்டிலிருந்து எடுக்கத் தனிக் குச்சி வைப்பார்கள். அது இல்லாதபோது தன் குச்சியைத் தலைகீழாகத் திருப்பி எடுப்பது சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த முனையைத்தான் இவ்வளவு நேரம் கை பிடித்திருந்தது என்பதால் ஆசிரியர்கள் அதையும் ஏற்பதில்லை. பரிமாறும் குச்சியைக் கேட்டு வாங்கிக்கொள்வதே முறை.

மடத்தில் பிறந்த மௌனம்

உணவு ஒழுக்கத்துக்கு முதலில் எழுத்து வடிவம் கொடுத்தவர்களில் தலையாயவர் சோட்டோ ஜென் மரபை நிறுவிய தோகென் (1200–1253). சீனாவில் பயின்று திரும்பிய அவர் 1237இல் மடத்துச் சமையல்காரருக்கான அறிவுரையாக ‘தென்ஸோ கியோகுன்’ எழுதினார். 1246இல், இன்றைய ஃபுகுய் மாநிலத்து எய்ஹெய்ஜி மடத்தில், உண்பவருக்கான விதிகளாக ‘ஃபுஷுகு ஹன்போ’ எழுதினார். சமைப்பதும் உண்பதும் தியானத்துக்குச் சமமான பயிற்சி என்பது இரண்டு நூல்களுக்கும் அடிப்படை.

அந்த விதிகளில் பல இந்தியாவில் பிறந்தவை. கன்னம் உப்ப வாயை நிரப்பாதே, கவளம் வருமுன் வாயைத் திறக்காதே, மெல்லும்போதும் உறிஞ்சும்போதும் ஒலி எழுப்பாதே, பக்கத்தவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்துக் குறைபடாதே என்பவை புத்த பிக்குகளுக்கான விநய நூல்களிலேயே உள்ளன. கங்கைச் சமவெளியில் பிச்சைப் பாத்திரம் ஏந்திய துறவிகளுக்காக வகுக்கப்பட்டவை, சீனம் வழியாகச் சென்று பனி பொழியும் ஜப்பானிய மலை மடத்தில் புது வாழ்வு பெற்றன.

மடத்தில் ஒவ்வொருவரிடமும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்களின் தொகுதி, துணியில் கட்டி இருக்கும். ‘ஓர்யோகி’ என்பது அதன் பெயர். உண்ணுமுன் ஐந்து நினைவுகளை ஓதுவார்கள்: இந்த உணவு வந்து சேர எத்தனை பேர் உழைத்தார்கள், இதை ஏற்க எனக்குத் தகுதி உண்டா, என் மனம் பேராசையில் விழாதிருக்கிறதா, உணவை மருந்தாகக் கொள்கிறேனா, உண்மையை அடையவே உண்கிறேனா. முடிந்ததும் சுடுநீரால் கிண்ணத்தை அலசி அதையும் குடிப்பார்கள். கன்பூசிய அறிஞரும் மருத்துவருமான கைபாரா எக்கிகென் 1713இல் எழுதிய ‘யோஜோகுன்’ என்ற உடல்நல நூலில் இதே போக்கில் ஐந்து எண்ணங்களைப் பொதுமக்களுக்குச் சொன்னார். கொடுத்தவரையும் உழவரின் பாட்டையும் நினைக்கச் சொன்ன அந்நூல், வயிறு நிறையுமுன் நிறுத்தவும் அறிவுறுத்தியது. மடத்துப் பண்பு வீட்டுக்குள் வந்த வழிகளில் இதுவும் ஒன்று.

மாளிகையும் தேநீர் அறையும்

முரோமாச்சி காலத்தில் (14–16ஆம் நூற்றாண்டுகள்) சாமுராய்கள் தங்கள் மேலவர்களை விருந்துக்கு அழைப்பது அரசியல் நிகழ்வாக இருந்தது. பல பலகைகளில் வரிசையாக வரும் அந்த விருந்தில் எதை முதலில் தொடுவது, எப்போது குச்சியைக் கீழே வைப்பது என்பதெல்லாம் வகுக்கப்பட்டன. வில்வித்தையும் குதிரையேற்றமும் கற்பித்த ஒகசவாரா குடும்பம் இந்த ஒழுக்கத்தின் ஆசிரியர்களாயிற்று. வாளோடு வாழ்ந்தவர்கள் ஒரு கூரையின் கீழ் அருகருகே அமர வேண்டியிருந்த இடத்தில், ஒவ்வோர் அசைவும் முன்கூட்டியே தெரிந்ததாக இருப்பது பாதுகாப்பும்கூட.

சென் நோ ரிக்யூ (1522–1591) இந்த ஆடம்பரத்தைத் தலைகீழாக்கினார். தேநீர்ச் சடங்குக்கு முன் தரும் ‘கைசெகி’ உணவைச் சோறு, ஒரு சூப், சில பதார்த்தங்கள் என்று சுருக்கினார். சமைத்தவரே பரிமாறுவார். கடைசியில் விருந்தினர் தம் கிண்ணங்களை ஊறுகாய்த் துண்டாலும் சுடுநீராலும் துடைத்துச் சுத்தம் செய்வார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் குச்சியைத் தட்டுக்குள் விழவிடுவார்கள். அந்தச் சிறு ஒலியைக் கேட்டு, அடுத்த அறையில் காத்திருக்கும் வீட்டுக்காரர் உணவு முடிந்தது என்று அறிந்து உள்ளே வருவார். பேச்சின்றி ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டில் ஜப்பானிய உணவு ஒழுக்கத்தின் சாரம் முழுவதும் இருக்கிறது: தட்டைக் காலிசெய்வது சமைத்தவருக்குச் செய்யும் மரியாதை, அவர் வேலையை எளிதாக்குவது விருந்தாளியின் பங்கு.

இதே எண்ணம் இன்றைய உணவகத்திலும் நடைமுறையில் உண்டு. முழு மீனை இடப்பக்கத் தலையிலிருந்து வாலை நோக்கி உண்பார்கள். மேற்பக்கம் முடிந்ததும் மீனைத் திருப்பிப் போடாமல் நடுமுள்ளைத் தூக்கி ஓரமாக வைத்துக் கீழ்ப்பக்கத்தை உண்பார்கள். முள்ளும் தோலும் ஒரு மூலையில் ஒழுங்காகக் குவிந்திருக்கும். ஈரக் கைத்துணி கைக்கு மட்டும். முகத்தையோ மேசையையோ அதனால் துடைப்பதில்லை. மூடியுள்ள கிண்ணத்தை உண்டபின் வந்தபடியே மூடி வைப்பார்கள்.

பிறப்பிலும் இறப்பிலும்

குச்சிப் பிழைகள் எல்லாம் ஒரே எடை கொண்டவை அல்ல. எதை எடுப்பது என்று தட்டுகளின் மேல் குச்சியை அலையவிடுவது, பதார்த்தத்தைக் கிளறித் தேடுவது, பாத்திரத்தைக் குச்சியால் இழுப்பது, குச்சி நுனியைச் சப்புவது, கிண்ணத்தின் மேல் குறுக்கே வைப்பது ஆகியவை பண்புக் குறைவுகள். பார்ப்பவர் முகம் சுளிப்பார், அவ்வளவே. ஆனால் இரண்டு பிழைகள் சாவைத் தொடுகின்றன.

ஒன்று, சோற்றில் குச்சியைச் செங்குத்தாக நடுவது. இறந்தவரின் தலைமாட்டில், அவர் பயன்படுத்திய கிண்ணத்தில் சோற்றைக் குவித்து அதன்மேல் குச்சியை நட்டுப் படைப்பார்கள். இன்னொன்று, ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை நேராகக் கைமாற்றுவது. தகனம் முடிந்தபின் உறவினர் இருவர் இருவராக நின்று குச்சிகளால் எலும்பைச் சேர்த்தெடுத்து அஸ்திக் கலசத்தில் இடுவார்கள். கால் எலும்பில் தொடங்கி மேலே போவார்கள், கலசத்துக்குள்ளும் இறந்தவர் நிமிர்ந்தே இருக்க வேண்டும் என்பதால். தந்தையையோ தாயையோ அப்படி எடுத்து வைத்த கைகளுக்கு முன்னால், பொரித்த துண்டு ஒன்றைக் குச்சிக்குக் குச்சி நீட்டினால் எதிரில் இருப்பவர் மனம் எங்கே போகும்?

குச்சி தெய்வத்தோடும் சேர்ந்தது. குழந்தை பிறந்து ஏறத்தாழ 100ஆம் நாளில் வாயில் உணவை வைப்பதுபோலப் பாவனை செய்யும் சடங்கில் புதுக் குச்சி கிடைக்கிறது. புத்தாண்டில் இரு முனையும் கூராகச் சீவிய குச்சியால் உண்பார்கள். ஒரு முனை மனிதருக்கு, மறுமுனை ஆண்டின் தெய்வத்துக்கு. ஜப்பானியர் உணவுப் பண்பாட்டை 2013 டிசம்பரில் யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வமாக ஏற்றபோது, புத்தாண்டுக் கொண்டாட்டத்தையே அதன் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டது.

சத்தமும் கோப்பையும்

மடம் மௌனத்தை விதித்த நாட்டில் சோபா, ராமென் நூடுல்ஸ் கடைகளில் உறிஞ்சும் ஒலி எப்படி நிலைத்தது? இங்கும் கரண்டியின்மை ஒரு காரணம். சூடான குழம்பிலிருந்து நீண்ட இழைகளைக் குச்சியால் எடுத்தால் காற்றோடு சேர்த்து இழுக்க வேண்டியிருக்கிறது. அது சூட்டைத் தணிக்கிறது, சோபாவின் மெல்லிய மணத்தை மூக்குவரை கொண்டுசெல்கிறது. எதோ (இன்றைய டோக்கியோ) நகரின் உழைப்பாளிகள் நின்றபடி விரைந்து உண்ட உணவு அது. ஜென் மடங்களிலேயே நூடுல்ஸ் நாளில் உறிஞ்சும் ஒலிக்கு அனுமதி உண்டு. இந்த விலக்கு நூடுல்ஸுக்கும், ஓரளவு சூப்புக்கும் தேநீருக்கும் மட்டும். வாயைத் திறந்து மெல்லும் ஒலியை எவரும் பொறுப்பதில்லை. உறிஞ்சி உண்டால்தான் சமைத்தவர் மகிழ்வார் என்று வெளிநாட்டவருக்குச் சொல்லப்படுவது மிகை. சத்தமின்றி உண்பவரை யாரும் குறை சொல்வதில்லை.

சுஷியும் இப்படித் தெருவில் பிறந்ததுதான். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எதோவின் கடைகளில் பிடித்துக் கொடுத்த அதைக் கையாலேயே உண்டார்கள். இன்றும் கையால் உண்பது முறையே. சோற்றுப் பக்கத்தைச் சோயா சாஸில் தோய்த்தால் பருக்கை உதிர்ந்து கிண்ணத்தில் மிதக்கும். அதனால் மீன் பக்கத்தைத் தொட்டுக்கொள்வார்கள்.

மது மேசையில் விதிகள் மூப்பையும் பதவியையும் சார்ந்தவை. வாசலிலிருந்து தள்ளிய, அலங்கார மாடத்தை ஒட்டிய இடம் மூத்தவருக்கு. வாசலருகே இருப்பவர் இளையவர், பணியாளரிடம் சொல்வதும் தட்டுகளை வாங்கித் தருவதும் அவர் வேலை. எல்லோருக்கும் ஊற்றி, சேர்ந்து கோப்பை உயர்த்துமுன் யாரும் பருகுவதில்லை. பக்கத்தவர் கோப்பையைக் கவனித்து நிரப்புவதே பண்பு. ஆனால் இந்தப் பண்பின் நிழலில் இளம் ஊழியர்களைக் கட்டாயப்படுத்திக் குடிக்க வைக்கும் வழக்கம் வளர்ந்தது. அதை இப்போது ஜப்பானியரே துன்புறுத்தல் என்று பெயரிட்டுக் கண்டிக்கிறார்கள். ஒழுக்கம் எளியவரைக் காக்காமல் வலியவருக்கு ஊழியம் செய்யும்போது அதைக் கைவிடுவது சரி.

பள்ளிக்கூடம் எழுதிய பாடம்

சாமுராய் மாளிகையின் முறை எல்லா வீடுகளுக்கும் போனது பள்ளி வழியாக. மெய்ஜி காலத்துப் பள்ளிகளில் ஒகசவாரா முறை கற்பிக்கப்பட்டது. 1941இல், போர்க்காலத்தில், கல்வி அமைச்சகம் நாடு முழுமைக்குமான ஒழுக்கக் கையேடு ஒன்றை வெளியிட்டு உணவு முறைகளையும் அதில் சேர்த்தது.

மதிய உணவின் வரலாறு வேறு. 1889இல் யாமகாதா மாநிலத்து ட்சுருஓகாவில், ஒரு கோயிலில் நடந்த பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்பு மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். போருக்குப் பின் 1954இல் பள்ளி மதிய உணவுச் சட்டம் வந்தது. ஆனால் நெடுங்காலம் கொடுக்கப்பட்டது ரொட்டி. அதற்கு முனை பிளந்த கரண்டி போதும் என்பதால், பிள்ளைகளுக்குக் குச்சி பிடிக்கத் தெரியாமல் போகிறது என்ற முறையீடு எழுந்தது. 1976இல் சோறு முறைப்படி சேர்க்கப்பட்டது. 2005இல் உணவுக் கல்விக்கென்றே அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டது.

இன்று பிள்ளைகளே வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்து முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். எல்லோருக்கும் கிடைத்தபின் சேர்ந்து கைகூப்பித் தொடங்குகிறார்கள், சேர்ந்து முடிக்கிறார்கள், தட்டுகளை அடுக்குகிறார்கள். எந்த நூலையும்விட இந்த அன்றாடப் பழக்கமே ஒழுக்கத்தை உயிரோடு வைத்திருக்கிறது. கொரோனா காலத்தில் பேசாமல் உண்ணும்படி பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்; 2022 நவம்பரில் அரசு தன் நெறிமுறையிலிருந்து பேச்சுத் தடையை நீக்கியது. மேசைப் பேச்சுக்கு மறுபடி வழி திறந்தது.

கவலை வேறிடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் தனியே உண்பது பற்றி 1980களிலிருந்தே ஜப்பானில் பேசப்படுகிறது. உடன் உண்ண ஆளில்லாத இடத்தில் எந்த ஒழுக்கத்தை யாரிடம் கற்பது? 2012இல் டோக்கியோவின் ஓதா பகுதியில் தோன்றிய ‘பிள்ளைகள் உணவகம்’ என்ற தன்னார்வ முயற்சி அதற்கு ஒரு விடை. குறைந்த விலைக்கோ இலவசமாகவோ, அக்கம்பக்கத்தவரோடு அமர்ந்து உண்ணும் அத்தகைய இடங்கள் இன்று நாடு முழுவதும் 10,000ஐத் தாண்டிவிட்டன.

தொகுத்துப் பார்த்தால்

ஜப்பானியர் உணவு ஒழுக்கம் ஒரே காலத்தில் ஒருவர் வகுத்தது அன்று. குச்சி சீனம் தந்தது, மௌனமும் நன்றியும் புத்த மடம் தந்தவை, வரிசை சாமுராய் மாளிகை தந்தது, அச்சம் சாவுச் சடங்கு தந்தது, இவற்றை எல்லோருக்கும் பொதுவாக்கியது பள்ளி. பேச்சு மேசையோடு வந்த புது வரவு. இவற்றில் நிலைத்தவை, சமைத்தவரையும் பக்கத்தில் இருப்பவரையும் தட்டைக் கழுவப்போகிறவரையும் எண்ணிப் பிறந்தவை. அதிகாரத்துக்காகப் பிறந்தவை உதிர்ந்துகொண்டிருக்கின்றன, உதிரட்டும்.

ஜப்பானிய வீட்டில் விருந்துக்கு அமரும் தமிழர் எல்லா விதிகளையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. சோற்றில் குச்சியை நடாதீர்கள்; குச்சிக்குக் குச்சி உணவைக் கைமாற்றாதீர்கள். இவை இரண்டும் துக்கத்தைத் தொடுபவை. மற்றவற்றில் தடுமாறினால் விருந்தளிப்பவர் புன்னகையோடு விட்டுவிடுவார். கிண்ணத்தைக் கையில் எடுங்கள், தட்டைக் காலிசெய்யுங்கள், பக்கத்தவர் கோப்பையைக் கவனியுங்கள், எழுமுன் சமைத்தவருக்கு நன்றி சொல்லுங்கள். அதற்குமேல் அந்த வீடு உங்களிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை.